பேன் விக்கில (ஒரு கேமப் பத்தி ரசிகர்மாரே எழுதுற விக்கில) பிளேயர்ஸ் செய்த மொட், லிவரி, மேப் எல்லாம் எழுதுறதுக்கு என்ன விதி வைக்கலாம்?

கேள்வி கேட்ட தம்பி கல்முனையாம். பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவுக்கு தமிழில ஒரு விக்கி தொடங்கியிருக்கார், கேமோட வந்த பஸ்ஸெல்லாம் எழுதி முடிச்சாச்சு, இப்ப நம்மட பொடியனுகள் செய்யிற லிவரியும் (பஸ்ஸுக்குப் போர்த்துற படம்) மொட்டும் (கேமுக்குள்ள சேர்க்க பிளேயர்ஸே செய்யிற பஸ் மாதிரிப் பைல்) வந்து கொட்டுது, எதப் போடுற எத விடுற எண்டு விளங்கல்ல எண்டு கேட்டிருக்கார். நான் மட்டக்களப்பு, ஆரையம்பதிப் பக்கம். இந்த கேமுக்கும் ஒள்ளுப்பம் மைன்கிராப்டுக்கும் விக்கி எடிட் பண்ணிக்கொண்டு வாறன், அதால தெரிஞ்சதச் சொல்றன்.

ஒரே ஒரு விதிதான் வைக்கலாம் எண்டு ஆரும் சொன்னா நான் வைக்கிறது இதுதான்: செய்தவன் ஆரெண்டு தேடிப் பார்க்காம ஒரு பக்கமும் திறக்கிறல்ல. மத்த விதியெல்லாம் பின்னால வரலாம், குறையலாம் கூடலாம், ஆனா இது இல்லாட்டி உங்கட விக்கி கள்ளப் பைலுக்கு போஸ்டர் ஒட்டுற மதில் மாதிரித்தான் ஆகும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றன் எண்டா, இந்த கேம் தெரியாதவங்களுக்காகச் சொல்றன், இது மலேயோ எண்ட இந்தோனேசியக் கம்பனி 2017ல விட்ட போன் கேம், இதில லிவரி எண்டா பஸ்ட உடம்பில சுத்துற ஒரு பிஎன்ஜி படம், அவ்வளவுதான். போனும் ஒரு போட்டோ எடிட்டரும் இரிக்கிற எவனும் செய்யலாம், அதால நம்மட பக்கம் இ.போ.ச. எண்ட அரசாங்கச் சிவப்பு பஸ்ஸில இருந்து கொழும்புக்கு இரவில போற கோச் வரைக்கும் எல்லாத்தையும் செய்து விட்டிருக்கானுகள், பின் கண்ணாடியில முருகன் படம் ஒட்டினதும் இரிக்கு, மாஷா அல்லாஹ் எழுதினதும் இரிக்கு. சும்மா சொல்லக் கூடாது, சிலது உண்மையான பஸ்ஸ விடத் துப்புரவா இரிக்கு. ஒருத்தன் ரெண்டு கிழமை குந்தியிருந்து செய்து வட்ஸ்அப் குரூப்பில போடுவான், விடியிறதுக்குள்ள இன்னொருத்தன் மூலையில இரிக்கிற பேரை அழிச்சிட்டு தன்ட யூடியூப் சனல்ட லோகோவ வச்சி போட்டிருவான். மறுகா விக்கி எழுத வாறவன் யூடியூப்பத்தான் பார்ப்பான், அந்தச் சனல்ட பேரத்தான் எழுதுவான். களவுக்கு நாமளே முத்திரை குத்திக் குடுத்த மாதிரிப் போயிரும்.

மொட் எண்டா இன்னும் சிக்கல், ஏனெண்டா அதில ஒரு ஆள்ட வேலை இல்ல. நம்மட வடமோடிக் கூத்தில ஏடு எழுதினவர் வேற, பழக்கின அண்ணாவியார் வேற, மத்தளம் அடிக்கிறவர் வேற, களரியில ஆடுறவன் வேற, ஆடினவன்ட பேர மட்டும் போட்டா மத்தாக்கள் சும்மா விடுவாங்களா? இதுவும் அப்படித்தான். த்ரீடி மொடல் ஒருத்தன் செய்திருப்பான், அத இந்த கேமுக்கு மாத்தினது இன்னொருத்தன், முன்பக்கத்த வெட்டி நம்மட லேலண்ட் பஸ் மாதிரி ஆக்கினது மூணாவது ஆள், லிவரி வேற ஆள், ஹோர்ன் சத்தம் ரோட்டில நிண்டு ரெக்கோட் பண்ணினவன் வேற ஆள். அதால பக்கத்துத் தகவல் பெட்டியில 'செய்தவர்' எண்டு ஒரே ஒரு வரி வைக்காதீங்க. மூல மொடல், கேமுக்கு மாத்தினவர், திருத்தினவர், லிவரி, சத்தம், முதல்ல வெளிவந்த இடம், திகதி எண்டு பிரிச்சி வையுங்க. தெரியாத இடத்தில 'தெரியாது' எண்டே எழுதுங்க, வெறுமையா விடாதீங்க, வெறுமையா இரிக்கிற இடத்தில எவனாவது தன்ட பேர எழுதிட்டுப் போவான், அத நான் கண்டு கண்டு அலுத்துப் போனன்.

ஒரு லிவரிக்கு ரெண்டு பேர் உரிமை சொல்லிக்கொண்டு வந்தா என்ன செய்யிற? திகதிய மட்டும் நம்ப ஏலா, செய்தவன் குரூப்பில போட்டிருப்பான், களவெடுத்தவன்தான் முதல்ல யூடியூப்பில போட்டிருப்பான். நான் கேக்கிறது லேயரோட, அதாவது ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கின படத் தட்டுகளோட இரிக்கிற எடிட் பைல். செய்தவனிட்ட எழுத்து வேற, கோடு வேற, சாமிப்படம் வேற எண்டு லேயர் லேயரா இரிக்கும், எடுத்தவனிட்ட தட்டையான பிஎன்ஜி மட்டும்தான் இரிக்கும். முழுப் பைலையும் அனுப்பச் சொல்லாதீங்க, ஒரு லேயர மறைச்சிட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்பச் சொன்னாக் காணும். அப்படியும் தீரல்ல எண்டா ரெண்டு பேர்ட பேரையும் போட்டு 'உரிமை பற்றி இணக்கம் இல்ல' எண்டு எழுதிட்டு பேச்சுப் பக்கத்தில (ஒவ்வொரு விக்கிப் பக்கத்துக்கும் பின்னால கதைக்க இரிக்கிற இடம்) சண்டை பிடிக்க விடுங்க, நீங்க நீதவான் இல்ல.

அடுத்தது, கேமோட வந்ததையும் பிளேயர் செய்ததையும் கலக்கக் கூடாது. இது லேசான விசயம் மாதிரித் தெரியும், ஆனா ஒரு சின்னப் பொடியன் உங்கட விக்கியப் பார்த்திட்டு கேமுக்குள்ள போய் அந்த பஸ்ஸத் தேடுவான், கிடைக்காது, மறுகா உங்களத்தான் ஏசுவான். ஹோர்ன எடுத்துப் பாருங்க, 2016 கடைசியில இந்தோனேசியாவில 'ஓம் தெலோலெட் ஓம்' எண்டு பஸ் ஹோர்ன் அடிக்கச் சொல்லிக் கேக்கிறது உலகம் முழுக்கப் பரவிச்சே, அந்த தெலோலெட் ஹோர்ன் கேம்லயே இரிக்கு. பிளேயர்ஸும் அதே பேரில வேற வேற சத்தம் செய்து விட்டிருக்கானுகள். ரெண்டையும் ஒரே பக்கத்தில எழுதினா ஆருக்கு என்ன விளங்கும்? பிளேயர் செய்ததுக்கு தனிப் பெயர்வெளி (விக்கிக்குள்ள பக்கங்களப் பிரிச்சி வைக்கிற தனிப் பகுதி) வையுங்க, அது ஏலாட்டி தலைப்பில 'மொட்:' 'லிவரி:' எண்டு முன்னால போடுங்க, பக்கத்துக்கு மேல வேற நிறத்தில ஒரு பட்டையும் போட்டிருங்க. கேம்ட வாகனப் பட்டியல்ல ஒரு மொட் கூட வரக் கூடாது.

ஒரே பேரில கன பேர் செய்திருப்பானுகள், அதையும் யோசிங்க. மைன்கிராப்டில மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் ஒருத்தன் கட்டினா இன்னும் நாலு பேர் கட்டுவான், ஒருத்தன் பழைய இரும்புப் பாலத்தக் கட்டுவான், ஒருத்தன் 2013ல திறந்த புதுசக் கட்டுவான், ஒருத்தன் ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில கட்டுவான். தலைப்புக்குப் பின்னால செய்தவன்ட யூசர் நேமப் போட்டா முடிஞ்சுது.

எதுக்குத் தனிப் பக்கம், எதுக்கு பட்டியல்ல ஒரு வரி? கன விக்கில வியூஸ் கணக்கு, டவுன்லோட் கணக்கு வச்சிருக்காங்க, எனக்கு அதில நம்பிக்கை இல்ல, கூட்டாளிமார் நாலு பேர் சேர்ந்தா வியூஸ் ஏத்தலாம். நான் பார்க்கிறது இதுதான்: வெளியில விட்டிரிக்கணும், ஆரும் எடுக்கக் கூடியதா இரிக்கணும், செய்தவன் இல்லாத இன்னொருத்தன் ஓட்டிப் பார்த்திரிக்கணும். 'விரைவில் வருகிறது' எல்லாம் வந்தாப் பிறகு பாப்பம். அதே லிவரி நீலத்தில, பச்சையில எண்டா ஒரு பக்கமும் ஒரு அட்டவணையும் காணும். அதுக்கு மேல மத்தவங்க வேலை செய்திருந்தா, அதாவது ஒரு மொட்ட வச்சி பத்துப் பேர் தங்கட மொட்டுகளச் செய்திருந்தா, அதுக்கு முழுப் பக்கம் கட்டாயம். பேர்போன கவுண்டர் ஸ்ட்ரைக் கேம் கூட 1999ல ஹாஃப் லைஃப் எண்ட கேமுக்குச் செய்த மொட்தானே.

வெர்ஷன் எழுதாத பக்கம் பாதிப் பக்கம். மைன்கிராப்ட் 1.18, 2021 நவம்பர்ல வந்தது, அதோட நிலம் உருவாகிற விதமே மாறிப் போச்சு. பழைய வெர்ஷன்ல நல்ல இடம் காட்டின சீட் நம்பர, அதாவது எந்த உலகம் உருவாகணும் எண்டு குடுக்கிற நம்பர, புதுசில போட்டா வேற மலை வேற கடல் வரும், நம்பர் சரி, பக்கம் பிழை. பஸ் கேம்லயும் அப்டேட் வந்தா பழைய மொட் சிலது திறக்கேக்கயே நிண்டிரும். அதால எந்த வெர்ஷன்ல, எந்த மாதம் ஓட்டிப் பார்த்தது எண்டு எழுதுங்க. நம்மட ஆக்களுக்கு எண்டு ரெண்டு வரி கூட வையுங்க: பைல் எத்தினை எம்பி, எவ்வளவு ரேம் இரிக்கிற போன்ல ஓடிச்சு எண்டு. நைட் டேட்டாவுக்காக பன்னெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து இறக்கிற பொடியன், இறக்கினாப் பிறகுதான் தன்ட போனுக்கு ஏலா எண்டு அறியிறது பாவம்.

செய்தவன் சொல்றத உண்மை எண்டு எழுதாதீங்க, அவன் சொன்னான் எண்டு எழுதுங்க. சூப்பர் மாரியோ மேக்கர் எண்ட, பிளேயர்ஸே லெவல் செய்யிற கேம்ல ஒரு லெவல அப்லோட் பண்ண முதல் செய்தவனே அத முடிச்சிக் காட்டணும் எண்டு இரிந்திச்சு. 2024 ஏப்ரல்ல சேர்வர் மூட முதல் ஆரும் முடிக்காத லெவல் எல்லாத்தையும் முடிக்கணும் எண்டு ஒரு கூட்டம் இறங்கிச்சு. கடைசியில நிண்டதில 'ட்ரிம்மிங் த ஹேர்ப்ஸ்' எண்டு ஒண்டு, அத முடிக்க எத்தினையோ பேர் மண்டைய உடைச்சாங்க. மார்ச் மாதம் அத அப்லோட் பண்ணினவரே வந்து, கையால முடிக்கல்ல, டூல் வச்சி முடிச்சதுதான் எண்டு சொல்லிட்டார். 'அப்லோட் ஆகியிரிக்கு, அதால மனுசன் முடிச்சது' எண்டு எழுதி வச்ச ஒவ்வொரு வரியும் அண்டைக்குப் பிழையாப் போச்சு.

பைல விக்கில ஏத்தாதீங்க, செய்தவன் போட்ட இடத்துக்கு லிங்க் குடுங்க. கன விக்கிட எழுத்து கிரியேட்டிவ் கொமன்ஸ் எண்ட, மத்தவங்களும் எடுத்துப் பாவிக்க விடுற உரிமத்தில இரிக்கும், அதுக்காக அவன்ட பிஎன்ஜியும் அந்த உரிமத்துக்குள்ள வந்திராது. வேற கேம்ல இருந்து உருவின மொடல் எண்டு தெரிஞ்சா லிங்கும் வேணாம், அப்படி எண்ட விசயத்த மட்டும் எழுதுங்க. லிங்க் ஒரு நாள் சாகும், அதையும் நினைச்சி எழுதுங்க. லிட்டில்பிக்பிளானட் 3 எண்ட கேம்ட பிஎஸ்4 சேர்வர் 2024ல நிண்டதோட அதில ஏத்தின பிளேயர் லெவலுகளுக்கு கம்பனி வச்ச வழி அடைபட்டுப் போச்சு. படமும், எப்படி இரிந்திச்சு எண்ட விவரிப்பும் விக்கில இருந்தா அதாவது மிஞ்சும். வெளியிட்ட பக்கத்த வேபேக் மெஷின்ல (இணையப் பக்கங்கள்ட பிரதிய வச்சிரிக்கிற தளம்) சேமிச்சிட்டு அந்த லிங்கையும் போட்டு விடுங்க.

இன்னொண்டு, இத ஆரும் எழுதி நான் காணல்ல. நம்மட பக்கம் இதெல்லாம் செய்யிறது அநேகமா ஓ.எல். (பதினாறு வயசளவில எழுதுற சோதினை) கூட எழுதாத பொடியனுகள். யூசர் நேம் மட்டும் போடுங்க. சொந்தப் பேர், ஸ்கூல், ஊர், மூஞ்சி எதுவும் வேணாம், அவனே போடச் சொன்னாலும் வேணாம். உண்மையான பஸ்ஸப் பார்த்துச் செய்த லிவரில ஈபி (கிழக்கு மாகாணம்) எண்டு தொடங்கிற நம்பர் பிளேட் அப்படியே இரிக்கும், ஸ்கிரீன்ஷொட்ல அத மங்கலாக்கி விடுங்க.

'வேற லெவல் மொட்', 'தரமான சம்பவம்' எல்லாம் வெட்டுங்க, யோசிக்கவே வேணாம். தன்ட மொட்டுக்குத் தானே பக்கம் எழுத வாறவன விரட்டாதீங்க, அவனுக்குத்தான் விசயம் தெரியும், பேச்சுப் பக்கத்தில எழுதச் சொல்லி வேற ஆள் எடுத்துப் போடுங்க. அழிக்கச் சொல்லி செய்தவனே கேட்டா லிங்கையும் படத்தையும் உடன எடுங்க, அப்படி ஒரு மொட் வந்திச்சு எண்ட ரெண்டு வரிய மட்டும் வச்சிருங்க.

இப்ப உங்கட விக்கில விதி இல்லாமக் கிடக்கிற பக்கங்கள ஒரேயடியா அழிக்காதீங்க தம்பி. 'செய்தவர் தெரியாதவை' எண்டு ஒரு பகுப்பு திறந்து எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளிட்டு, லிங்க குரூப்புகள்ல போட்டு விடுங்க. செய்தவன் வருவான், கத்திக்கொண்டுதான் வருவான், ஏசி முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டு இருந்திட்டு லேயர் பைலக் கேளுங்க.