அம்மாவின் பயம் எனக்கும் வந்துவிட்டதா?

கேள்வி: அக்கா, 2009இல் அப்பா காணாமல் போகும்போது எனக்கு நாலு வயது. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் அம்மா இன்றைக்கும் நடுங்கிப்போய் நிலத்தில் இருந்துவிடுவா. அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பா. இப்போது கம்பஸ் அறையில் நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், எனக்குப் போர் சரியாக ஞாபகம்கூட இல்லை. கவுன்சிலிங்குக்குப் போவோம் என்றால், "எனக்கென்ன விசரே? முருகன் பார்ப்பான்" என்கிறா. என்ன செய்வது?
- கோண்டாவில் வாசகி

பதில்: தங்கச்சி, அம்மாவுக்கு விசர் இல்லை, அதை முதலில் அவவிடமே சொல்லுங்கோ. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு, முள்ளிவாய்க்கால், அதற்குப் பிறகு முகாம் என்று வந்த ஒரு தலைமுறை பதகளிப்போடுதான் பிள்ளைகளை வளர்த்தது, அம்மா திடுக்கிடும்போதெல்லாம் மடியில் இருந்த நீங்களும் திடுக்கிட்டிருப்பீர்கள், அந்தப் பை அப்படித்தான் உங்களிடம் வந்தது.

முருகனா கவுன்சிலிங்கா என்று அம்மாவோடு வாதாட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனதை அமைதிப்படுத்த அவரவர் சமயத்தின் மந்திரத்தையோ செபத்தையோ திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சியைச் சிகிச்சையிலேயே சேர்த்துக்கொண்டவர். நல்ல உளவளத்துணையாளர் அம்மாவின் விரதத்தையும் நேர்த்தியையும் கேட்டுத்தான் கதையைத் தொடங்குவார். "கோயிலுக்குப் போனால் எல்லாம் சரி" என்று சொல்லி அனுப்புகிறவரிடமும், கும்பிடுவதைப் பழங்கால நம்பிக்கை என்று தள்ளுகிறவரிடமும் போகாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனால் இப்படியான வீடுகளில் இருக்கும். ஆடி அமாவாசை வந்தால் தகப்பன் இல்லாதவர்கள் தர்ப்பணம் செய்யக் கீரிமலைக்குப் போவார்கள், உங்கள் வீட்டில் என்ன செய்வது? தர்ப்பணம் செய்தால் அப்பா உயிரோடு இல்லை என்று நாங்களே முடிவு கட்டியதாகிவிடும், செய்யாவிட்டால் சொந்தக்காரர் விடமாட்டார்கள். அந்த முடிவை அம்மாவைத் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது, உளவளத்துணையாளரும்தான். அப்பா திரும்பி வரவேண்டும் என்று விளக்கேற்றிக் கும்பிடவும் இடம் இருக்கிறது, பொட்டு வைப்பதா விடுவதா என்பதும் அம்மாவின் விருப்பம். மாமிமார் வாய் திறந்தால் நீங்கள் குறுக்கே நில்லுங்கோ.

சரி, எங்கே போவது? பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அம்மா வரமாட்டேன் என்றால் முதலில் நீங்கள் உங்களுக்காகப் போங்கோ, உங்களுக்கும் அது தேவை. ஆனால் நாட்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, சாக வேண்டும் என்ற கதை வருகிறது என்றால் விரதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இரவில் என்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துக் கதைக்கலாம்.