ஆள் வந்தால் மாடிக்குப் போகும் பிள்ளை

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் எல்லாரும் கரையில்தான். வீட்டில் ஆள் வந்துகொண்டே இருக்கும். இவன் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு மாடிக்குப் போய்விடுகிறான். 'ஊமைக்கோட்டான்' என்று சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். இது வியாதியா?
- ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வியாதி இல்லை, அம்மா. உள்முக இயல்பு. 1921-இல் உளவியல் அறிஞர் கார்ல் யுங் விரிவாக எழுதிய விஷயம் இது. இவர்களுக்கு மனிதர்கள் மேல் வெறுப்பு கிடையாது. கூட்டமும் சத்தமும் சீக்கிரம் அலுப்பாக்கிவிடும், தனிமையில்தான் தெம்பு திரும்பும். ஒரே ஒரு நண்பனோடு மணிக்கணக்கில் பேசுகிறானா என்று கவனியுங்கள். பேசினால் கவலையை விடுங்கள்.

பயம் வேறு. போக ஆசை இருந்தும் 'நாலு பேர் என்ன நினைப்பார்களோ' என்று நடுங்குவது, வகுப்பில் எழுந்து பதில் சொல்ல முடியாமல் தவிப்பது, கடையில் சாமான் கேட்கவே பின்வாங்குவது எல்லாம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் சமூகப் பதற்றமாக இருக்கலாம். கலகலப்பாக இருந்தவன் திடீரென ஒதுங்கி, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, இரண்டு வாரம் அப்படியே இருந்தால் மனச்சோர்வா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கல்யாண வீட்டுக்கு யார் யார் வருவார்கள், எப்போது திரும்புவோம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பந்தி தொடங்க ஒரு மணி நேரம் முன்பே கூட்டிப் போனால் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், பழகிக்கொள்வான். நிறைந்த மண்டபத்துக்குள் நுழைவதுதான் இவர்களுக்குக் கஷ்டம். கையில் ஒரு வேலை கொடுங்கள். மொய் எழுத உட்காரவைத்தால் பெயர், ஊர், தொகை என்று பேச்சு அளவோடு முடிந்துவிடும். (பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் அந்த மேசை வேண்டவே வேண்டாம்!) நடுவில் 20 நிமிடம் வெளியே போய்வர விடுங்கள்.

எல்லார் முன்னாலும் "பேசுடா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்பதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. அடுத்த விசேஷம் என்றாலே அந்த அவமானம்தான் ஞாபகம் வரும். கூச்சமே இல்லாத பிள்ளைக்கும் பயம் ஒட்டிக்கொள்ளும். அதற்காக மரியாதையில் சலுகை கிடையாது. 'வாங்க' என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் உட்காரட்டும். அதற்குமேல் மாடிக்குப் போனால் போகட்டும்.

கேள்வி: மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதும் என் கணவர், அங்கே எல்லாரிடமும் நன்றாகப் பேசுகிறார். வீட்டில் வாயே திறப்பதில்லை. எது நடிப்பு?
- வாசகி, மண்டபம்

பதில்: இரண்டுமே நடிப்பில்லை. தொழிலுக்காக உள்முக இயல்புள்ளவர்களாலும் சரளமாகப் பேச முடியும்; முடித்து வரும்போது களைத்துப்போவார்கள். வந்ததும் அரை மணி நேரம் கேள்வி கேட்காதீர்கள், டிவியையும் நிறுத்திவையுங்கள். குளித்து டீ குடித்த பிறகு வீட்டு விஷயத்தை ஒவ்வொன்றாக எடுங்கள். அந்த அரை மணி, செல்போனும் கையுமாக மூன்று மணி நேரமாக நீண்டால் இயல்பின் மேல் பழிபோட முடியாது. தாராளமாகச் சண்டை போடுங்கள்.