தடுப்பூசி, முகக்கவசம், கணக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரோனா பெருந்தொற்றுக் கால எண்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். கேள்வி கேட்டவர்களெல்லாம் கணக்குத் தெரியாதவர்கள் என்ற தொனி அதில் இருந்தது. நான் பொறியாளன், எனக்கும் கொஞ்சம் கணக்கு வரும்.

ஃபைசர் தடுப்பூசி 95 சதவீதம் பலன் தரும் என்றார்கள். அதே ஆய்வின் எண்களைக் கழித்துப் பார்த்தால் 0.84 சதவீதம்தான் வருகிறது. 2021 ஆகஸ்டில் இஸ்ரேலில் கடும் நோயோடு மருத்துவமனையில் இருந்தவர்களில் பாதிக்கும் மேல் தடுப்பூசி போட்டவர்கள். முகக்கவசத்தால் பயனில்லை என்று டென்மார்க் ஆய்வு சொன்னது, பிறகு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பும் சொன்னது. பாசிட்டிவ் வந்தவர் எதனால் இறந்தாலும் கொரோனா மரணம் என்று எழுதினார்கள். பிரிட்டன் ஒரே நாளில் ஐயாயிரம் மரணங்களைக் கணக்கிலிருந்து நீக்கியதே! இதையெல்லாம் சொன்னவர்களுக்கு அன்று கிடைத்த பட்டம் ‘அறிவியல் விரோதி’. தடுப்பூசி போட்ட சில நாட்களில் இறந்தவர்களின் பட்டியல் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். மறுதரப்புக்கும் இடம் தருவீர்களா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தந்திருக்கும் எண்களில் பொய் எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டவர்கள்மீதும் எனக்கு வருத்தமில்லை. பதில் வந்த பிறகும் அதே கேள்வியைப் புதிதுபோல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்மீதுதான். ஒரு கேள்விக்கு விடையாக வந்த எண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் வேறொரு கேள்விக்கு விடையாக வைப்பதுதான் என் புகார். இதை உங்கள் தரப்பும் செய்தது, எதிர்த்தரப்பும் செய்தது.

95, 0.84 இரண்டுமே சரியான எண்கள். ஆய்வில் ஊசி போட்டவர்களில் 8 பேருக்கும் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 162 பேருக்கும் நோய் வந்தது. ஒவ்வொரு பக்கமும் சுமார் 18,000 பேர். 162 வர வேண்டிய இடத்தில் 8 என்பது 95 சதவீதக் குறைவு. மொத்தப் பேரில் எத்தனை பேர் தப்பினார்கள் என்று கேட்டால் 0.84. ஆனால் இந்த இரண்டாவது எண், ஆய்வு நடந்த சுமார் இரண்டு மாத காலத்துக்கு மட்டும் உரியது. அந்த இரண்டு மாதங்களில் வெற்று ஊசிக்காரர்களிலேயே நூற்றில் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை. அப்புறம் எப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் காப்பாற்ற முடியும்? தொற்று பரவப் பரவ, காலம் நீள நீள இந்த எண் ஏறும். அதே சமயம், 95 என்று மேடைதோறும் முழங்கியவர்கள், அது நோய் அறிகுறி வருவதைப் பற்றிய எண், பரவலைப் பற்றியதல்ல என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். பிறகு ஊசி போட்டவருக்கும் தொற்று வந்தபோது ஜனங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைத்ததில் ஆச்சரியமில்லை.

இஸ்ரேல் கணக்கில் கொஞ்சம் நின்று பார்ப்போம். எனக்குப் பிடித்த கணக்கு அது. 2021 ஆகஸ்ட் நடுவில் கடும் நோயோடு இருந்தவர்கள் 515 பேர். அதில் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள் 301 பேர். 58 சதவீதம். தலைப்புச் செய்திக்கு இது போதும். ஆனால் அங்கே 12 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் ஊசி போட்டிருந்தார்கள். எல்லோருமே போட்டிருந்தால் மருத்துவமனையில் இருப்பவர்கள் நூற்றுக்கு நூறும் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். ஆகவே போட்டவர்கள், போடாதவர்கள் ஒவ்வொரு தரப்பிலும் மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணால் வகுக்க வேண்டும். வகுத்தால் ஊசி கடும் நோயை 67.5 சதவீதம் குறைத்ததாக வருகிறது. ‘பார், 95 என்று சொன்னது 67 ஆகிவிட்டது’ என்று அன்று அதையும் பிடித்துக்கொண்டார்கள்.

புள்ளியியலாளர் ஜெஃப்ரி மாரிஸ் இதை வயதுவாரியாகப் பிரித்தார். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஊசி போட்டவர்கள் சுமார் 21 லட்சத்து 33 ஆயிரம் பேர். கடும் நோய் 290 பேருக்கு. போடாதவர்கள் 1 லட்சத்து 86 ஆயிரம் பேர்தான். ஆனால் கடும் நோய் 171 பேருக்கு. பாதுகாப்பு 85 சதவீதம். 50க்குக் கீழே போய்ப் பார்த்தால் கிட்டத்தட்ட 92. இரண்டு பகுதியிலும் 85, 92 இருக்க, இரண்டையும் சேர்த்தால் மட்டும் 67.5! கணக்கில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை. போடாதவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், அவர்களுக்கு எப்படியும் கடும் நோய் வருவது அபூர்வம். போட்டவர்களில் முதியவர்கள் நிறைய. வயதைக் கலந்து வகுத்தால் இளைஞரையும் முதியவரையும் ஒப்பிட்டதாக ஆகிவிடுகிறது. நீங்கள் பொறியாளர், ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் பத்து நிமிட வேலை.

முகக்கவசத்தில் உங்களோடு பாதி தூரம் வருகிறேன். டென்மார்க்கில் 2020இல் சுமார் 6,000 பேரிடம் நடந்த ஆய்வில், அணியச் சொல்லப்பட்டவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். உண்மை விளைவு இதற்குள் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் தந்த எல்லையில் 46 சதவீதக் குறைவும் அடங்கும், 23 சதவீத அதிகரிப்பும் அடங்கும். இதற்குப் பெயர் ‘தெரியவில்லை’ என்பது. ‘பயனில்லை’ என்பது வேறு. மேலும், நோயுள்ளவர் அணிந்தால் பக்கத்தில் இருப்பவர் தப்புவாரா என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த பெரிய சோதனையில் அணிவோர் விகிதம் 13இலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தது; அறுவைசிகிச்சை முகக்கவசம் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுடன் கூடிய தொற்று 11 சதவீதம் குறைந்தது. துணி முகக்கவசத்துக்கு அப்படித் தெளிவான முடிவு கிடைக்கவில்லை.

காக்ரேன் தொகுப்பு 2023 ஜனவரியில் வந்தது. மார்ச்சில் அதன் தலைமை ஆசிரியர் கார்லா சோரெஸ்-வைசர், முகக்கவசம் பயனற்றது என்று இதைப் புரிந்துகொள்வது தவறு என்று அறிக்கையே விட்டார். அணியச் சொல்லி ஊக்குவித்தால் தொற்று குறையுமா என்பதுதான் அங்கே ஆராயப்பட்டது, விடை உறுதியாகக் கிடைக்கவில்லை. தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொல்வதற்குப் பலன் உண்டா என்பது ஒரு ஆராய்ச்சி. நடந்தால் பலன் உண்டா என்பது இன்னொரு ஆராய்ச்சி.

மீதிப் பாதி உங்களுடையது. 2020 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி, முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்கு அதனால் பயனில்லை, மருத்துவப் பணியாளர்களுக்குத் தட்டுப்பாடு வரும் என்றார். பயனில்லாத பொருள் மருத்துவருக்கு மட்டும் எதற்கு? சில வாரங்களில் எல்லோரும் அணியுங்கள் என்று வந்தது. தட்டுப்பாடு என்ற உண்மைக் காரணத்தோடு மட்டும் நின்றிருந்தால் இவ்வளவு அவநம்பிக்கை வந்திருக்காது. ஆளில்லாத திறந்தவெளியில் தனியாக நடந்தவரை மறித்து அபராதம் போட்டதற்கு நான் சொன்ன எந்த ஆய்வும் துணைக்கு வராது.

மரணக் கணக்கு. பிரிட்டன் 2020 ஆகஸ்டில் 5,377 மரணங்களைக் குறைத்தது. என்றைக்கோ பாசிட்டிவ் வந்து பின்னர் எப்போது இறந்தாலும் சேர்த்துக்கொள்ளும் முறையை மாற்றி 28 நாள் வரம்பு வைத்தார்கள். அது சரியான திருத்தம். ஆனால் மரணச் சான்றிதழில் கொரோனா என்று எழுதப்பட்டவர்களின் எண்ணிக்கை அப்போதே இந்த இரண்டு கணக்கையும்விட அதிகம். அதோடு பெருவையும் பாருங்கள். 2021 மே கடைசியில் அந்த நாடு தன் கணக்கை சுமார் 69 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 80 ஆயிரமாக உயர்த்தியது. இதை யாரும் எனக்குக் கடிதத்தில் அனுப்புவதில்லை.

காரணத்தையே விட்டுவிட்டு, வழக்கமாக இறப்பவர்களைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று எண்ணுவது இன்னொரு வழி. உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து சுமார் 1 கோடியே 49 லட்சம் என்று மதிப்பிட்டது. நாடுகள் அறிவித்த மொத்தம் 54 லட்சம். இந்த மதிப்பீட்டோடும் சண்டை போடலாம். இந்தியாவுக்குச் சொன்ன 47 லட்சத்தை இந்திய அரசு ஏற்கவில்லை. ஜெர்மனிக்கான கணக்கில் ‘வழக்கம்’ என்று வரைந்த கோடே கோணலாக இருக்கிறது என்று புள்ளியியலாளர்கள் சுட்டிக்காட்ட, அது திருத்தப்பட்டது. இப்படிச் சண்டை போட்டால் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

கணக்கு தீர்க்க முடியாத ஒன்றும் இதில் இருக்கிறது. 1760இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி, பெரியம்மை வராமலிருக்க அந்த நோயாளியின் கொப்புளச் சீழையே கொஞ்சம் குத்திக்கொண்டால் சராசரி ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கூடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். குத்திக்கொள்வதால் 200இல் ஒருவர் இறக்கலாம் என்பதையும் சேர்த்தே கணக்கிட்டார். அம்மை குத்துவதை ஆதரித்தவரான கணிதவியலாளர் தாலம்பேர் இதை மறுத்தார். அரசுக்கு அந்த மூன்று ஆண்டு லாபம்தான். இந்த மாதமே சாகும் அபாயத்தை ஏற்றுக்கொண்டு, பிற்காலத்தில் எப்போதோ வரும் சில ஆண்டுகளைப் பெறும்படி சொல்லப்படும் தனிமனிதர் அப்படியே எடை போடமாட்டார் என்றார்.

நம் காலத்திலும் இதேதான். ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகை ஊசிக்குப் பிறகு இதயத்தசை அழற்சி அபூர்வமாக வந்தது, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு. ஸ்வீடனும் பின்லாந்தும் 2021 அக்டோபரில் இளைஞர்களுக்கு மாடர்னா ஊசியை நிறுத்திவைத்தன. ரத்தம் உறையும் அரிய பக்கவிளைவுக்காக டென்மார்க் அதற்கு முன்பே ஆஸ்ட்ராஜெனிகாவைக் கைவிட்டது. 75 வயதுக்காரருக்குச் சரியாக வரும் கணக்கு 18 வயதுக்காரருக்கு அப்படியே வராது என்பதை அரசுகளே ஒப்புக்கொண்டன. ஆகவே கட்டாயமாக்கலாமா, வேலையைப் பறிக்கலாமா என்று கேட்டவர்களை அறிவியல் விரோதி என்றது அநியாயம். அது அறிவியல் கேள்வியே அல்ல, அரசியல் கேள்வி. ‘அறிவியல் சொல்கிறது’ என்று சொல்லி அமைச்சர்கள் தங்கள் பொறுப்பைத் தட்டிக்கழித்தார்கள்.

நீங்கள் இணைத்த பட்டியலில் தனிமனிதர்களின் பெயர்கள் இருப்பதால் வெளியிடவில்லை. அதில் இறந்தவர்கள் இருக்கிறார்கள், அந்த ஊசியை மொத்தம் எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்பது இல்லை. சில மாதங்களில் கோடிக்கணக்கானவர்களுக்கு, அதுவும் முதியவர்களுக்கு முதலில், ஊசி போட்டால் அடுத்த வாரத்தில் மாரடைப்பில் இறப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஊசியே இல்லாவிட்டாலும் அந்த வாரத்தில் சிலர் இறப்பார்கள். பெயர்களை நீக்கிவிட்டு, வயதுவாரியாகப் பிரித்து, ஊசி போடாத அதே வயதினரில் அதே நாட்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணையும் பக்கத்தில் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அதை உங்கள் கட்டுரையாகவே வெளியிடுகிறேன்.