அடங்கிய முடக்குவாதம் திரும்பி வருமா? கேள்வி பதில்

முடக்குவாதத்தோடு, அதாவது மூட்டுகளில் அழற்சி வரும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸோடு, எனக்கு 18 வருடப் பழக்கம். நன்றாக அடங்கியிருந்த நோயை, நானாக மருந்தை விட்டு மறுபடி கிளப்பிக்கொண்டவள். டாக்டர் இல்லை, பட்டதையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மூன்று வருடமாக வலியே இல்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி எல்லாம் நார்மல். குணமாகிவிட்டது என்று நினைக்கலாமா அக்கா?

அடங்கியிருக்கிறது என்று நினையுங்கள். டாக்டர்கள் ரெமிஷன் என்பது அதைத்தான். 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவார்கள், அது 2.6-க்குக் கீழே வந்தால் ரெமிஷன். ஆனால் அழுத்தினால் வலிக்காத மூட்டிலும் டாப்ளர் ஸ்கேனில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்டு) அழற்சி தெரிவதுண்டு. அப்படித் தெரிந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: அப்படியென்றால் மருந்தை விடவே முடியாதா? ஈரல் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

விட்டும் நன்றாக இருப்பவர்கள் உண்டு, ஆனால் குறைவு. நார்வே ஆய்வு ஒன்று 2021-ல் வந்தது. ஒரு வருடமாவது அடங்கியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்தைப் பாதியாக்கினார்கள். அடுத்த ஒரு வருடத்துக்குள் அவர்களில் 25 சதவீதம் பேருக்கு நோய் கிளம்பியது. அளவைக் குறைக்காதவர்களில் 6 சதவீதம்தான். ஆன்ட்டி சிசிபி (இந்த நோயில் ரத்தத்தில் தென்படும் ஒரு எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். குறைப்பதென்றால் பொதுவாக முதலில் ஸ்டீராய்டு, அப்புறம் பயாலஜிக் ஊசி (அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட பொருளையோ செல்லையோ தடுப்பது), இந்த நோய்க்கு அடிப்படை மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் கடைசியில். ஈரலைக் கண்காணிக்கத்தான் அவ்வப்போது ரத்தம் எடுக்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: நீங்கள் விட்டபோது என்ன ஆயிற்று?

நாலு மாதம் ராஜ வாழ்க்கை. ஐந்தாம் மாதம் ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பல வருடத்துக்கு முன் நோய் ஆரம்பித்த அதே வலது நடுவிரல், அதே கணு! வேறு விரலே கிடைக்கவில்லையா என்று கோபமாக வந்தது. மூட்டுச் சவ்வில் தங்கிவிட்ட சில செல்கள் பழைய சண்டையை மறப்பதில்லையாம். அதனால்தான் பலருக்குப் பழைய இடத்திலேயே கிளம்புகிறது. மருந்தை விட்டதைவிடப் பெரிய தப்பு, 'கையை மடக்கித் தூங்கியிருப்பேன்' என்று ஆறு வாரம் ஓட்டியது. மெத்தோட்ரெக்ஸேட்டை மறுபடி ஆரம்பித்தாலும் அது வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இடையில் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு. அடங்க ஐந்து மாதம் பிடித்தது.

கேள்வி: வேலை செய்ததால் வந்த வலியா, நோய் கிளம்பியதா, எப்படித் தெரிந்துகொள்வது?

வேலையால் வந்தது ஓய்வெடுத்தால் குறையும். இது ஓய்வுக்குப் பிறகுதான் மோசம். எழுந்ததும் விரல்கள் மடங்காது, அந்த இறுக்கம் விட ஒரு மணி நேரம்கூட ஆகலாம், கணுவில் மெத்தென்று வீக்கம் இருக்கும். நான் எழுந்த நேரத்தையும் இறுக்கம் விட்ட நேரத்தையும் குறித்துவைக்கிறேன். டாக்டரிடம் 'ரொம்ப வலி' என்று சொல்வதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசுகிறது.

கேள்வி: குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். நோய் அடங்கியே இருக்குமா?

கர்ப்ப காலத்தில் பலருக்குக் குறைகிறது. பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பலருக்குக் கிளம்புகிறது. மெத்தோட்ரெக்ஸேட் கருவுக்கு ஆகாது, முன்கூட்டியே மாற்ற வேண்டும். முதலில் டாக்டரிடம் பேசுங்கள். கர்ப்பத்திலும் மஞ்சள் காமாலையிலும் இந்த வலி குறைவதைக் கவனித்த அமெரிக்க டாக்டர் ஃபிலிப் ஹென்ச், அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் 1948-ல் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1950-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கேள்வி: காய்ச்சலால் ஒரு வாரம் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தவறிவிட்டது. சேர்த்துப் போடலாமா?

கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை அது, சேர்த்துப் போட்டால் ஆபத்து. ஒரு வாரம் விட்டதற்கே நோய் கிளம்பிவிடாது. காய்ச்சல் விட்டதா, எப்போது தொடர்வது என்று மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.