கோப்பி, டிகாஃப், மல்லித் தண்ணி: கேள்வி பதில்

கேள்வி (முள்ளியவளை): ஏழு மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில தந்த இரும்புக் குளிசையைக் காலமைக் கோப்பியோட விழுங்கலாமோ?

பதில்: வேண்டாம் தங்கச்சி. கோப்பியில் உள்ள பொலிபீனோல்கள் இரும்பைக் குடலில் பிடித்து வைத்துவிடும், உடம்பில் சுவறாது. தேத்தண்ணி இதைவிட மோசம். சாப்பாட்டு இரும்புக்கும் இதே கதைதான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தாலும் தடை குறையாது, ஆனால் ஒரு மணித்தியாலம் முந்திக் குடித்தால் தடையில்லை. அதனால் எழும்பினவுடன் கோப்பி, பிறகு ஆறுதலாகச் சாப்பாடு. குளிசையை இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்துத் தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கோ. கல்சியம் குளிசையை அதோடு சேர்க்காதேங்கோ, அதுவும் இரும்பைத் தடுக்கும்.

கர்ப்பிணிக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபீன்தான் எல்லை. ஒரு கப் இன்ஸ்டன்ட் கோப்பியில் ஏறக்குறைய 60, தேத்தண்ணியில் 40 தொடக்கம் 50. இரண்டையும் கூட்டிப் பாருங்கோ. மற்றவர்களுக்கு ஐந்து மணித்தியாலத்தில் பாதியாகும் கஃபீன், கடைசி மாதங்களில் பாதியாக 15 மணித்தியாலம் வரை எடுக்கும்.

கேள்வி (கிளிநொச்சி): டிகாஃப் (கஃபீன் எடுத்த கோப்பி) வாங்கினால் இந்தப் பிரச்சினை தீருமோ?

பதில்: இரும்பு விஷயத்தில் தீராது. எடுபடுவது கஃபீன், பொலிபீனோல் அப்படியே கிடக்கும். நித்திரைக்கும் படபடப்புக்கும் உதவும், கப்புக்கு 2 தொடக்கம் 15 மில்லிகிராம்தான் மிஞ்சும். நெஞ்செரிவு சிலருக்குக் குறையும், முழுதாக நிற்காது.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கொலஸ்ட்ரோல் கூட. வீட்டில வறுத்து இடிச்ச தூளைக் கொதிக்க வைச்சு, மண்டி அடைய விட்டுக் குடிக்கிறம். பிழையோ?

பதில்: தூளில் பிழையில்லை, கொதிக்க வைத்துக் குடிக்கும் முறையில்தான். மண்டி அடியில் இருந்தாலும், மேலே மினுங்குகிற எண்ணெய் கப்புக்குள் வரும். அதில் இருக்கும் கஃபெஸ்டோல் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். கம்பி வடி அதை விட்டுவிடும், கடதாசி வடி பிடிக்கும். இரண்டு மேசைக்கரண்டி தூளைக் கடதாசியில் போட்டு, கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆறவிட்ட 180 மில்லிலீற்றர் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கோ. உரலில் மாவாக இடித்திருந்தால் கடதாசி அடைத்து, தண்ணி இறங்காமல் கசந்துபோகும். கொஞ்சம் கரகரப்பாக இடியுங்கோ.

கேள்வி (செட்டிகுளம்): கோப்பியை நிப்பாட்டினால் தலையிடிக்குது.

பதில்: ஒரேயடியாக விட்டால் ஒரு நாளுக்குள் தொடங்கும், இரண்டாம் நாள் கடுமை, ஒரு கிழமையளவில் அடங்கும். தூளில் கால்பங்கை வறுத்த மல்லித்தூளாக மாற்றுங்கோ. அடுத்த கிழமை அரைப்பங்கு, அதற்கடுத்தது முக்கால்.

கேள்வி (நெடுங்கேணி): சுகர் இருக்கு. மல்லித் தண்ணி எவ்வளவும் குடிக்கலாமோ?

பதில்: மல்லியில் கஃபீன் இல்லை. ஆனால் கூடக் கடிக்கிற பனங்கட்டியும் சீனிதான், சுகரை ஏற்றும். சிறுநீரக வருத்தத்துக்குத் தண்ணியை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், இதையும் அந்த அளவுக்குள் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ.