ஆஃபர் கடிதத்தில் ஆர்ச்சரி, வேலை கேபினில்: அமெரிக்க சம்மர் கேம்புக்குப் போகும் முன்

கேள்வி: கோவையில் உடற்கல்வி கடைசி வருடம் படிக்கிறேன், வயது 21. பென்சில்வேனியா மாநிலத்தில் ஏரிக்கரையில் உள்ள ஒரு சம்மர் கேம்பில் ஆர்ச்சரி (வில்வித்தை) கவுன்சலராக ஆஃபர் வந்திருக்கிறது. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஒன்பது வாரம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், மொத்தச் சம்பளம் 2,000 டாலர். இதெல்லாம் ஒரு சம்பளமா என்கிறான் அண்ணன். அங்கே போன் வைத்துக்கொள்ள விட மாட்டார்களாமே என்று அம்மாவுக்குப் பயம். நான் சைவம், நீச்சல் சுமார்தான். போகலாமா? கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: போகலாம் தம்பி. ஆனால் என்ன வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் இங்கிருந்து போகிறவர்களில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே திணறுவது அது தெரியாமல் போவதால்தான்.

நம்மூரில் கவுன்சிலர் என்றால் தெருவிளக்கு எரியவில்லை என்று போய் நிற்கிற வார்டு கவுன்சிலர், இல்லாவிட்டால் மனநல ஆலோசகர். கேம்பில் இந்த இரண்டும் கிடையாது. ஹாஸ்டல் வார்டன், பி.டி. மாஸ்டர், சொந்த அண்ணன் மூன்று பேரையும் ஒரே ஆளாக்கி, அந்த ஆளை எட்டுப் பத்துப் பிள்ளைகளோடு ஒரு மரக் கேபினில் படுக்க வைத்தால் அவர்தான் கேம்ப் கவுன்சலர். உங்கள் கடிதத்தில் ஆர்ச்சரி என்று போட்டிருப்பது பகலில் நாலைந்து பீரியட் மட்டும். மிச்ச நேரம் முழுக்க கேபின்தான், வேலையே அங்கேதான் இருக்கிறது. நான் மூன்று கோடை இந்த வேலை பார்த்தேன், இப்போது போகிறவர்களுக்குத் தயாரிப்பு வகுப்பு எடுக்கிறேன். வில் அம்பு விஷயத்தில் யாரும் என்னிடம் வந்து அழுததில்லை, கேபின் விஷயத்தில்தான் அழுவார்கள்.

நீங்கள் போகப்போவது 'டிரெடிஷனல்' கேம்ப், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வந்து தங்கிப் போகும் இடம். கோடிங் கேம்ப், டென்னிஸ் கேம்ப் மாதிரி ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொடுப்பது இல்லை. நீச்சல், படகு, கைவினை, நாடகம், மலையேற்றம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம். 1861-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃப்ரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களைக் கடற்கரை வரை நடத்தியே கூட்டிப்போய்க் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார், அதைத்தான் முதல் கேம்ப் என்கிறார்கள். 1885-இல் தொடங்கிய கேம்ப் டட்லி, நியூயார்க் மாநிலத்தில் சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் இன்றும் நடக்கிறது. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே கேம்புக்குப் போன குடும்பங்கள் உண்டு. அதனால் காலையில் பியூகிள் என்ற ஊதுகொம்பை ஊதுவது, கொடியேற்றம், சாப்பாட்டுக் கூடத்தில் மேசையைத் தட்டிப் பாடுவது, ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்காருவது இதையெல்லாம் கோயில் திருவிழா மாதிரி விடாமல் செய்வார்கள். முதல் மூன்று நாள் உங்களுக்கு இது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். நாலாவது நாள் நீங்களே மேசையைத் தட்டுவீர்கள்.

சரி, கேபினுக்கு வருவோம். ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்பார்கள், அப்போதுதான் பிள்ளைகளுக்கு வீட்டு நினைப்பு வரும். என் முதல் கோடையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், மூன்றாவது ராத்திரி, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதான். நான் பாவம் பார்த்து, "அழாதே, நாளைக்கு அம்மாவுக்கு போன் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். காலையில் பியூகிளுக்கு முன்னாலேயே பையை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். பெரும்பாலான கேம்பில் பிள்ளைகளுக்கு போன் கிடையாது, கடிதம்தான், அப்படியிருக்க நான் கொடுத்த வாக்கை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. அன்று முழுவதும் அவன் என்னை நம்பவில்லை, நம்பியிருக்கவும் கூடாது.

அடுத்த ராத்திரி கேபின் வாசல் படியில், மற்றவர்கள் கண்ணில் படுகிற இடத்தில், அவனோடு உட்கார்ந்தேன். வீட்டைப் பற்றிப் பேசாதே என்று சொல்லவில்லை, நாய் பெயர் என்ன, அது எங்கே படுக்கும் என்று கேட்டேன். கால் மணி நேரம் நாய்க் கதை. அப்புறம், நாளைக்குக் கொடிக் கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், வருகிறாயா என்றேன். அவ்வளவுதான். போன் தருகிறேன், வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று எந்தப் பேரமும் பேசாதீர்கள். கேளுங்கள், கூடவே நாளைக்கு ஒரு வேலை கொடுங்கள். ரெண்டு மூன்று நாளில் சரியாகவில்லை என்றால் மேலே இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களே வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம்.

படுக்கையை நனைக்கிற பிள்ளைகளும் உண்டு, பத்துப் பதினொரு வயதிலும். எல்லாரும் காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது நீங்கள் எதையோ மறந்துவிட்ட மாதிரி திரும்பி வந்து, விரிப்பை மாற்றி, நனைந்ததை லாண்டரிக்கு அனுப்பிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மேசையில் போய் உட்கார வேண்டும். இதை நன்றாகச் செய்கிற கவுன்சலரை அடுத்த வருடம் கேம்பை நடத்தும் டைரக்டரே கூப்பிடுவார்.

இன்னொன்று, நம் பழக்கத்துக்குக் கொஞ்சம் கஷ்டம். நாம் பிள்ளைகளைத் தூக்குவோம், கன்னத்தைக் கிள்ளுவோம், மடியில் உட்கார வைப்போம். அங்கே அது கூடாது. எந்தப் பிள்ளையோடும் மூடின அறையில் தனியாக இருக்கக் கூடாது. யாராவது தனக்கு நடந்த தப்பைப் பற்றி உங்களிடம் சொன்னால், ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்யக் கூடாது, உடனே மேலே சொல்லியாக வேண்டும். அதட்டுவது, தோப்புக்கரணம் எல்லாம் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நீச்சல் சுமார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அப்படியே கேம்புக்கும் எழுதுங்கள். போனதும் உங்களுக்கும் ஸ்விம் டெஸ்ட் வைப்பார்கள், பொய் அங்கே மிதக்காது. நீச்சல் தெரியாவிட்டாலும் ஏரிக்கரையில் காவல் நிற்கச் சொல்வார்கள். அங்கே ஒரு பலகை இருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரோ நம்பரோ போட்ட, டோக்கன் மாதிரி ஒரு வில்லை. தண்ணீரில் இறங்கும்போது ஜோடியோடு வந்து வில்லையை மாட்ட வேண்டும், ஏறும்போது எடுக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை விசில் ஊதுவார்கள், ஜோடிகள் கையைக் கோத்துத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க, எண்ணுவார்கள். எண்ணிக்கை பலகையோடு ஒத்துவராவிட்டால் எல்லாரையும் கரையேற்றிவிட்டு, பெரியவர்கள் வரிசையாகக் கைகோத்து மார்பளவுத் தண்ணீரில் காலால் துழாவிக்கொண்டே நடப்பார்கள். பிள்ளைகள் வருவதற்கு முந்தைய பயிற்சி வாரத்தில் இதை ஒத்திகை பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் கேம்பில் நிஜமாகத் தேடிய ஒரே தடவை, பையன் வில்லையை எடுக்காமல் ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தான்.

தண்ணீர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 4 விடியற்காலை டெக்சஸில் குவாடலூப் ஆற்றில் வெள்ளம் வந்து, கரையில் இருந்த ஒரு கேம்பில் மட்டும் பிள்ளைகளும் கவுன்சலர்களுமாக 27 பேர் இறந்தார்கள். அதனால் கேபின் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ராத்திரியில் எச்சரிக்கை வந்தால் யார் எப்படிச் சொல்வார்கள், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேளுங்கள். அம்மா கேட்கச் சொன்னார் என்று எழுதினாலும் பரவாயில்லை, நல்ல டைரக்டர் சந்தோஷமாகப் பதில் எழுதுவார்.

இப்போது அண்ணன் விஷயம். அவர் கணக்கு சரிதான். 2,000 டாலரை ஒன்பது வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 222 டாலர், ஆறு நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு 37. ஒரு நாளில் பதினைந்து மணி நேரம் விழித்திருப்பீர்கள். அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எங்கே போனது என்றால், வருடத்தில் ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்கு மத்திய சட்டத்திலேயே விலக்கு உண்டு, கேம்ப்கள் அதில் வந்துவிடுகின்றன. ஆனால் உங்களைப் போன்ற வேலை பார்க்கும் அமெரிக்கக் கவுன்சலருக்கு என்ன கொடுக்கிறார்களோ அதையே உங்களுக்கும் கொடுக்க வேண்டும், அது விதி. அதனால் வெளிநாட்டு ஆள் என்று குறைத்தால் கேள்வி கேட்கலாம். விசாக் கட்டணம் 185 டாலர், செவிஸ் என்ற அமெரிக்க அரசுப் பதிவுக்கு 35, விசாவுக்கு ஏற்பாடு செய்யும் ஸ்பான்சர் அமைப்பின் கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் போனால் கையில் பெரிதாக நிற்காது. கடனை அடைக்க, தங்கை கல்யாணத்துக்குச் சேர்க்க என்று போகிறீர்கள் என்றால் வேண்டாம் என்பேன். உடற்கல்வி ஆசிரியராகப் போகிறவர் இரண்டு மாதம் பிள்ளைகளோடு ராப்பகலாக இருந்து பழக வாய்ப்பு வருகிறது என்றால், செலவு போக சமமாக நின்றாலே லாபம் என்பது என் கணக்கு.

விசாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதற்கென்றே பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் கேம்ப் கவுன்சலர் பிரிவு இருக்கிறது, 18 வயது ஆகியிருக்க வேண்டும், அதிகபட்சம் நாலு மாதம். இந்த விசாவுக்குத் தேவையான டிஎஸ்-2019 படிவத்தைக் கொடுக்கும் ஸ்பான்சர் பெயர் அமெரிக்க வெளியுறவுத்துறையின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்பி உட்காராதீர்கள். இந்தப் பிரிவில் போகிறவரைச் சமையல்காரராகவோ பாத்திரம் கழுவவோ வைக்கக் கூடாது, அப்படி ஏதாவது வேலை கடிதத்தில் நுழைந்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவக் காப்பீடு ஒரு நோய் அல்லது விபத்துக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் 30 நாள் ஊர் சுற்றலாம், சம்பாதிக்கக் கூடாது. நீங்கள் கடைசி வருடம் என்பதால் தப்பித்தீர்கள், மற்ற மாணவர்களுக்குக் கல்லூரி திறப்பது ஜூன், ஜூலையில் வந்து குறுக்கே நிற்கும்.

டைரக்டருக்கு இன்றே எழுதிக் கேட்க வேண்டியவை: என் கேபினில் எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், என்னோடு இன்னொரு கவுன்சலர் படுப்பாரா? கேம்புகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் தரத்தில் 9 முதல் 14 வயது வரை எட்டுப் பேருக்கு ஒரு ஊழியர். லீவு நாள் எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடியும், அன்று எங்கே தூங்குவது, கேபினிலேயே என்றால் அது லீவே இல்லை. சம்பளம் எந்தத் தேதியில், கடைசியில் மொத்தமாகவா? பாதியில் திரும்பினால் எவ்வளவு பிடிப்பார்கள்? விமான நிலையத்துக்கு யார் வருவார்கள்?

சாப்பாடு சமாளிக்கலாம். சாலட், பாஸ்தா, பீட்சா, சீஸ் சாண்ட்விச் இருக்கும். முட்டை உண்டா இல்லையா என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள், அங்கே வெஜிடேரியன் என்றால் முட்டையையும் சேர்த்துத்தான் நினைப்பார்கள். ஊறுகாய், பருப்புப்பொடி கொண்டுபோகலாம். கடலை மிட்டாய் மட்டும் வேண்டாம். பல கேம்பில் வேர்க்கடலைக்கே தடை, அலர்ஜி உள்ள பிள்ளை ஒன்று கேபினில் இருந்தால் அது விளையாட்டு இல்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள், போன் இல்லை என்பது பிள்ளைகளுக்கு. உங்களுக்கு லீவு நேரத்தில், ஊழியர் அறையில் வைஃபை கிடைக்கும் இடத்தில் பேசலாம். வாரம் ஒரு நாள், இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு என்று கிளம்பும் முன்பே முடிவு பண்ணிவிடுங்கள், ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம். இன்னொன்று, பென்சில்வேனியா காட்டில் உண்ணி ஜாஸ்தி, லைம் நோய் என்ற பாக்டீரியா தொற்று அதனால்தான் வருகிறது. வெளிர் நிற முழுக்கால் பேண்ட் இரண்டு, உயரமான சாக்ஸ் ஆறு ஜோடி, தலையில் மாட்டும் டார்ச் ஒன்று இங்கேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ராத்திரி கழிப்பறைக்கு ஒரு பையனைக் கூட்டிப்போகும்போது இரண்டு கையும் வேண்டியிருக்கும்.