ஒரே கடற்கரை மூவருக்கும் ஏற்குமா?

கேள்வி: முழங்கால் வலியுள்ள அப்பத்தா, ஐந்து வயது மகள், அலைச்சறுக்கு பழக ஆசைப்படும் தம்பி ஆகியோருடன் கடற்கரைக்குச் செல்ல விரும்புகிறோம். எது ஏற்றது? – வாசகி, காரைக்குடி

பதில்: மூவருக்கும் ஒரே கரை பொருந்தாது, சகோதரி. அப்பத்தாவுக்கும் குழந்தைக்கும் இராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் நல்லது. வங்கக் கடலின் பேரலைகளை இலங்கைத் தீவு தடுத்துவிடுவதாலும், பாக் நீரிணை ஆழம் குறைந்தது என்பதாலும், அங்கே அலைகள் காலை நனைத்துத் திரும்பும் அளவில்தான் பெரும்பாலும் வருகின்றன. சவுக்கு நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டால், ஈர மணலில் பேத்தி குழி தோண்டுவதை அப்பத்தா பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த அமைதியே தம்பிக்குக் குறை. அவர் சென்னையை அடுத்த கோவளத்தில் பயிற்சியாளரிடம் பழகட்டும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியை அவசியம் பாருங்கள். ஆனால் நீரோட்டம் வலுவானது, குழந்தையை அங்கே கடலில் இறக்கவே வேண்டாம்.